லெபனானின் அரபு அடையாளம்: அரபி தெரிந்தவர்களின் உதவி தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். லெபனானில் அரபு அடையாளமும் மதப் பிரிவு அரசியலும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். 'இன்திமா' என்ற ஒரே ஒரு அரபிச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பல நாட்களாக நிற்கிறேன்.

1943-ஆம் ஆண்டு எழுதப்படாத தேசிய உடன்பாட்டில் லெபனானுக்கு 'அரபு முகம்' உண்டு என்று மட்டுமே ஒப்புக்கொண்டார்கள். மரோனியக் கிறித்தவர்களும் சுன்னி முஸ்லிம்களும் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்த சொல் அது. 1989-இல் உள்நாட்டுப் போரை முடிக்கத் தாயிஃப் ஒப்பந்தம் வந்தபோது அது போதவில்லை. மறு ஆண்டு அரசியலமைப்பின் முகவுரையிலேயே, லெபனான் 'ஹுவிய்யா'விலும் 'இன்திமா'விலும் அரபு நாடு என்று எழுதிவிட்டார்கள். 'ஹுவிய்யா' என்றால் அடையாளம். அங்கே அடையாள அட்டைக்கும் அதே சொல்தான். அந்தப் போரின்போது அந்த அட்டையில் இருந்த மதப் பிரிவைப் பார்த்துத்தான் சாலைத் தடுப்புகளில் மனிதர்களைக் கொன்றார்கள். இதை நினைக்காமல் அந்த முகவுரையை என்னால் படிக்க முடியவில்லை.

'இன்திமா'வைச் சார்பு என்பதா, உரிமைப்பாடு என்பதா? இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. அரபிக் கல்லூரியில் படித்தவர்கள், பெய்ரூட்டில் வேலை பார்த்தவர்கள் யாராவது அன்றாடப் பேச்சில் இச்சொல் எப்படி வருகிறது என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

இன்னொன்று: 1860-61-இல் எழுத்தாளர் புத்ருஸ் அல்-புஸ்தானி பெய்ரூட்டில் வெளியிட்ட 'நஃபீர் சூரிய்யா' துண்டறிக்கைகளை என்னோடு அமர்ந்து படிக்க யாருக்காவது வாரம் ஒரு மணி நேரம் கிடைக்குமா? என் அரபி அந்தப் பழைய நடைக்குப் போதவில்லை.