புதுப்பிப்பு: அம்மாவின் தேத்தண்ணியும் பத்து நிமிட நடையும்

அம்மாவுக்குச் சீனி வருத்தம், என்ன சின்னப் பழக்கங்களை மாற்றலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் பிளேன்ரீயில் கை வைத்தோம். நாளுக்கு ஐந்து கோப்பை, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. கரண்டிக்கு ஏறக்குறைய 4 கிராம் என்றால் 60 கிராம்! பனங்கட்டி கடிக்கலாம் என்றார் ஒருவர்; அதுவும் சீனிதான், வேண்டாம். வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்து, இப்போது ஒரு கரண்டியில் நிற்கிறார்.

அப்புறம், சாப்பிட்ட கையோடு பத்து நிமிட நடை. நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்ளும். கிணற்றடியிலிருந்து படலைவரை செருப்புச் சத்தம் கேட்கும். ஞாயிறு மட்டும் இரணைமடுக் குளக்கட்டு.

குளிசையை நிறுத்தவில்லை. அடுத்த கிளினிக்கில் இரத்தம் சோதித்ததும் எழுதுகிறேன்.