அறுப்பு மெஷின் வாடகை பற்றிப் பேச ஆள் வேண்டும்

குழு உறவுகளுக்கு வணக்கம். நான் கேரளாவில் பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம். எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு பகிர்வுப் பொருளாதாரம், அதாவது ஒருவரிடம் இருக்கும் பொருளைப் பலர் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவது. புத்தகத்தில் எல்லாம் ஏர்பிஎன்பி (வீட்டையோ அறையையோ பயணிகளுக்கு வாடகைக்கு விடும் தளம்), ஊபர்தான். அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து ஹோட்டல் வருமானத்தை ஏர்பிஎன்பி 8 முதல் 10 சதவீதம் வரை குறைத்ததாக 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. அடி அதிகம் விழுந்தது மலிவான ஹோட்டல்களுக்கு. சரி, நம்ம ஊருக்கு அதில் என்ன இருக்கிறது?

எனக்குத் தெரிந்து இங்கே நிஜமான பகிர்வு அறுப்பு மெஷின்தான். தமிழ்நாட்டிலிருந்து வண்டி வரும், ஏஜென்ட் மூலம் வயல் வயலாகப் போகும். வாடகை மணிக்கணக்கு. ஈர வயலில் பெல்ட் வண்டி மெதுவாகத்தான் நகரும், மணி மட்டும் ஓடும். வரப்பு தாண்டி அடுத்த வயலுக்குப் போகும் நேரம் யார் கணக்கு என்று ஒரு சண்டை வேறு. இந்தச் சண்டையை எந்த ஆப்பும் தீர்த்ததாகத் தெரியவில்லை!

வண்டி வைத்திருக்கும் அண்ணன்மார், டிரைவர்கள், ஏஜென்ட்கள் யாராவது அரை மணி நேரம் பேச முடியுமா? முக்கியமாக, முன்பணம் எப்படி, மழை வந்தால் யாருக்கு நஷ்டம், ஏஜென்ட் கமிஷன் யார் தருவது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் மெஷின் வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அவர்களும் சொல்லுங்கள். பெயர், ஊர் எதுவும் எழுத மாட்டேன். அப்புறம், ஃபார்ம் நிரப்பச் சொல்ல மாட்டேன், நானே நேரில் வருகிறேன். இன்பாக்ஸில் ஒரு வரி போட்டால் போதும்.