தம்பானூர் சுருள் காப்பிக்கடை

நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கத்து ஊர்தான். ஆஸ்பத்திரி, பத்மநாபசுவாமி கோயில், சாலைக் கடைத்தெரு என்று எதற்காவது போய்க்கொண்டே இருப்போம். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்களுக்கும் அதுதானே தலைநகரம்! ஆனால் காப்பி குடிப்பதற்கென்றே ரயிலேறியது இப்போதுதான். கூட வந்தது அத்தை.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, செங்கல் நிறத்தில் உருண்டு நிற்கிறது இந்தியன் காபி ஹவுஸ். அத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன மக்களே, முறுக்க இழுத்து நிமித்தி வச்சிருக்கான்?" என்றார். கட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, கடைசியில் கேரளத்தில் குடியேறி, 2007-ல் மறைந்தவர். செலவைக் குறைத்துக் கட்டுவதில் அவருக்குப் பெரிய பிடிவாதம் உண்டு. இங்கே கிடைத்ததோ சின்ன இடம். மாடி, படிக்கட்டு என்று அதைப் பிரிக்காமல் தரையையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றிவிட்டார். நடந்துகொண்டே போக வேண்டியது, காலியிடம் கண்ட இடத்தில் உட்கார வேண்டியது. முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே இடம் பிடித்துக்கொள்வது உத்தமம்.

மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டியவை. இழுத்துப் போட்டுக்கொள்ள நாற்காலி கிடையாது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன சதுர ஓட்டைகள். வெளியே பஸ் ஹாரன் கத்துகிறது, உள்ளே காற்று வந்துகொண்டே இருக்கிறது. மேசை மேல் வெயில் கட்டம் கட்டமாக விழுந்து கிடந்தது. அத்தை தட்டை நிழலுக்கு நகர்த்திக்கொண்டே சாப்பிட்டார்.

கூட்ட நேரத்தில் மேசையைப் பங்கு போட்டுத்தான் ஆகவேண்டும். எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தவர் நெய்யாற்றின்கரைப் பெரியவர். எங்கள் பேச்சைக் கேட்டதுமே பாதி தமிழ், பாதி மலையாளத்தில் ஆரம்பித்துவிட்டார். ஐம்பதுகளில் அரசின் காபி போர்டு தன் கடைகளை மூடியதும் வேலை போன தொழிலாளிகளைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் திரட்டியது, அவர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துக் கடை நடத்தத் தொடங்கியது, கேரளத்தில் முதல் கடை 1958-ல் திருச்சூரில் வந்தது என்று எல்லாம் சொன்னார். "அப்போ இந்தத் தலப்பாக்காரருக்குத் தனியா முதலாளி கிடையாதா?" என்றார் அத்தை, விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு வந்த பரிமாறுபவரைப் பார்த்து. "இவங்க சங்கம்தான் முதலாளி அம்மா" என்று பெரியவர் சிரித்தார்.

கட்லெட் வந்தது. பிட்டால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. மசாலா தோசைக்குள்ளும் அதே சிவப்புதான். உருளைக்கிழங்கையே எதிர்பார்த்துப் போகிற நம்மூர் நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் இனிக்கும். எனக்குப் பிடித்திருந்தது. அத்தை "கல்யாண வீட்டுப் பொரியல தோசைக்குள்ள வச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு முழுதையும் முடித்தார்.

அப்புறம் ஒரு வேடிக்கை. மேலே யாரோ ஒரு குழந்தை பொம்மைக் காரைத் தவறவிட, அது சரிவில் கடகடவென்று இறங்கி எங்கள் மேசையைத் தாண்டியது. எதிரே நாலு காப்பியோடு ஏறி வந்த பரிமாறுபவர் குனியவில்லை, நிற்கக்கூட இல்லை. செருப்பு நுனியால் காரைச் சுவரோரம் தள்ளி நிறுத்திவிட்டு மேலே போனார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெரியவர் காரை எடுத்து மேசையில் வைத்தார். பின்னாலேயே ஓடிவந்த பையன், எங்கள் மூவரையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

போகிறவர்களுக்கு ஒன்று: சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, காலை பத்தரை மணி வாக்கில் போங்கள். படம் எடுப்பதானால் எடுங்கள், ஆனால் சரிவில் நடுவே நிற்காதீர்கள். தட்டோடு ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அந்த ஒரே வழிதான்.