மேய்ச்சல் தரையில் சோலார் பூங்காவா, கூரையிலா? மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் சொல்லுங்கள்

படுவான்கரை:
பெரிய சோலார் திட்டம் என்று யார் வாயைத் திறந்தாலும் கை நீள்வது கிழக்குப் பக்கம்தான். வெயில் இருக்கிறது, காணி இருக்கிறது, சனம் குறைவு என்கிறார்கள். திருகோணமலைச் சம்பூரில் நிலக்கரி நிலையம் வருகிறது என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள், இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சோலார், 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது அடிக்கல் வைத்தாயிற்று. அம்பாறைக்கு அந்தப் பக்கம் சியம்பலாண்டுவவில் 100 மெகாவாட். ஒரு மெகாவாட்டுக்கு எப்படிப் பார்த்தாலும் மூன்று, நான்கு ஏக்கர் வேண்டும். அப்படியென்றால் 100 மெகாவாட்டுக்கு 300, 400 ஏக்கர். மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023இல் இருந்து மேய்ச்சல் தரைக்காகத் தெருவில் இருந்த மாவட்டம் எங்கள் மட்டக்களப்பு. அது சோலாரால் வந்த பிரச்சினை இல்லை, தெரியும். ஆனால் மாடு மேய்கிற தரையை வரைபடத்தில் வெறும் காணி என்று காட்டுகிற பழக்கம் ஒன்றுதான். பாடசாலைக் கூரை, அரிசி ஆலைக் கூரை, சந்தைக் கட்டிடம், பிரதேச செயலகம் எல்லாம் சும்மா வெயில் காய்ந்துகொண்டு கிடக்கின்றன. முதலில் அதை முடியுங்கள், பிறகு வெட்டவெளியைப் பார்க்கலாம். இதுதான் என் நிலைப்பாடு.

கிரிட் தம்பி (அம்பாறை):
படுவான்கரை அண்ணன், காணி விசயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கூரை முதலில் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல் நாடு முழுக்க இருண்டதே, பாணந்துறை உபநிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றவுடன் எல்லாரும் குரங்கோடு நின்றுவிட்டார்கள். குரங்கு எந்த நாளும் பாயும். அன்றைக்கு ஏன் தீவு முழுக்க விழுந்தது என்பதுதான் கேள்வி. ஞாயிறு, ஆலைகளும் அலுவலகங்களும் பூட்டு, பாவனை குறைவு, நல்ல வெயில், சோலாரின் பங்கு ஏறிக் கிடந்தது, அதனால் சுழல்கிற பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடின. டர்பைனும் ஜெனரேட்டரும் தொன் கணக்கில் இரும்பு, எங்காவது கோளாறு வந்தாலும் அந்தக் கனத்தின் சுழற்சியே சில வினாடிகளுக்கு அதிர்வெண்ணை, அதாவது மின்சாரத்தின் துடிப்பு வேகத்தை, விழாமல் தாங்கிப் பிடிக்கும். சோலாரில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை. அன்றைக்கு நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன, அடுத்த இரண்டு நாளும் நமக்கு மின்வெட்டு. இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13ஆம் திகதியில் இருந்து 21 வரை, பகலில் 3 மணி வரைக்கும் கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பெரிய நிலையம் என்றால் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து ஒரு கட்டளை, உற்பத்தி குறையும். ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு யார் போன் எடுத்துச் சொல்வது?

கல்முனைக் காக்கா:
கூரையில் 5 கிலோவாட் வைத்திருக்கிற ஆள் என்ற முறையில் நானும் சொல்கிறேன். என் வீடு லைனின் கடைசிப் பக்கம். எங்கள் ஒழுங்கையில் அடுத்தடுத்து சோலார் ஏறிவிட்டது. பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு இன்வேட்டர் (பலகை மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற பெட்டி) முன்னால் போய் நின்றால் வோல்டேஜ் 246, 249 என்று ஏறிக்கொண்டே வரும், 250ஐத் தாண்டிக் கொஞ்சம் போனதும் டக்கென்று ஒரு சத்தம், சிவப்பு லைட், உற்பத்தி பூச்சியம். சில நிமிடம் கழித்துத் தானாக எழும்பும், பிறகும் விழும். அதாவது வெயில் உச்சத்தில் நிற்கும் நேரத்தில்தான் என் சோலார் வேலை செய்யாது. பூட்டிக் கொடுத்தவர்கள் லைன் பிரச்சினை என்கிறார்கள், லைன்காரர்கள் இன்வேட்டர் பிரச்சினை என்கிறார்கள். வங்கிக் கடன் தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

இன்னொன்று, பெப்ரவரி 9 அன்று கொளுத்துகிற வெயிலில் எங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லை. லைன் செத்தால் சாதாரண இன்வேட்டரும் நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிற ஆளைக் காப்பாற்றத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல்தான் நம்மவர்களில் பாதிப்பேர் சோலார் போட்டால் கரண்ட் போகாது என்று நினைத்துப் பூட்டுகிறார்கள். பற்றரி இல்லாத கூரை சோலாரை உள்ளூர் மின்சாரம் என்று சொல்லாதீர்கள், அதுவும் கிரிட்டின், அதாவது நாட்டு மின்வலையின், ஒரு நுனிதான்.

படுவான்கரை:
காக்கா, நீங்கள் சொன்னது கூரையின் குறையா, லைனின் குறையா? டிரான்ஸ்போமரைப் பெரிதாக்கி, கம்பியை மொத்தமாக்கி, லைனின் நுனியில் ஒரு பற்றரி வைத்தால் உங்கள் வோல்டேஜ் ஏறாது. அந்தக் காசைச் செலவழிக்கமாட்டார்கள். ஆனால் வெட்டவெளியில் 100 மெகாவாட் போட்டால் அதற்கென்று உயர் அழுத்த லைன் இழுப்பார்கள். சியம்பலாண்டுவவில் இருந்து மொனராகலை வரை அதைத்தான் செய்கிறார்கள். கிரிட் தம்பி, அந்த லைன் செலவைப் பெரிய சோலாரின் மலிவு விலையில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறீர்களா?

கிரிட் தம்பி:
சேர்த்தும் மலிவுதான் அண்ணன். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான பலகை பூட்டும்போது ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் செலவு வீட்டுக் கூரையை விட நன்றாகக் குறையும், கழுவுவது, திருத்துவது எல்லாம் சேர்த்து. அப்புறம் பற்றரி. பாவனை உச்சம் மாலை 6.30இல் இருந்து 10.30 வரை, அந்த நேரம் எந்தப் பலகையிலும் ஒரு யூனிட் வராது. அந்த நான்கு மணித்தியாலத்துக்குப் பகல் வெயிலைக் கொண்டுபோகப் பற்றரி வேண்டும், சியம்பலாண்டுவத் திட்டத்திலும் பற்றரி இருக்கிறது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாகப் பற்றரி வாங்கி அதைச் செய்ய முடியுமா? வசதியான வீடு வாங்கும். மண்சுவர் வீட்டுக்காரன் டீசல் மின்சாரத்தின் விலையைக் கட்டிக்கொண்டிருப்பான். மிஞ்சுகிற மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிற 600 மெகாவாட் மகா ஓயா நீரேற்றுத் திட்டமும் வந்தால் பகல் மின்சாரத்தை வீணாக்கத் தேவையில்லை. (நம் அம்பாறை மகா ஓயா என்று நினைக்காதீர்கள், இது அரநாயக்கப் பக்கம்.)

வட்டை வாசி:
நான் வயல்காரன், உங்கள் இரண்டு கட்சியும் மறந்த ஒன்றைச் சொல்கிறேன். சிறுபோகத்தில் வெயில் கொளுத்தும்போதுதான் எங்களுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். மேட்டு வட்டையில், அதாவது மேட்டு வயலில், சோலார் பம்புக்குப் பற்றரியே தேவையில்லை, பகலில் இறைத்த தண்ணீர் வரம்புக்குள் நிற்கும், அதுதான் எங்கள் பற்றரி. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டி, டீசலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் ஊருக்கு நாலு சோலார் பம்பு இருந்திருந்தால் கொஞ்சப் பயிராவது தப்பியிருக்கும். இதற்கு 400 ஏக்கரும் வேண்டாம், உயர் அழுத்த லைனும் வேண்டாம்.

ஆனால் தம்பிமாரே, கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் ஒரு கிழமை தொடர்ந்து சூரியனைக் காணாத நாட்கள் உண்டு. அப்போது கூரையும் படுத்துவிடும், பூங்காவும் படுத்துவிடும், வெள்ளமும் வரும். அந்த நேரம் ஆஸ்பத்திரிக்கும் அகதி முகாமாகிற பாடசாலைக்கும் கரண்ட் எங்கிருந்து? ஊருக்குள்ளேயே எல்லாம் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். சேனாநாயக்க சமுத்திரக் குளத்தில் இங்கினியாகல நீர்மின் நிலையம் இருக்கிறதே என்று ஒருவர் எங்களூர்க் கூட்டத்தில் சொன்னார். அது 11 மெகாவாட் சொச்சம்தான், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்தால்தான் ஓடும். குளத்துத் தண்ணீர் முதலில் வயலுக்கு, அதை மாற்ற எவரையும் விடமாட்டோம்.

கிரிட் தம்பி:
ஐயா சொன்ன மழைக்காலம்தான் என் கட்சியும். அதற்குத்தான் பெரிய கிரிட் வேண்டும். இங்கே மழை என்றால் புத்தளம், அம்பாந்தோட்டைப் பக்கம் வெயில் இருக்கலாம், மலையில் நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும்.

படுவான்கரை:
அந்த மலை மின்சாரம் நமக்கு எந்த வழியாக வருகிறது தம்பி? ரந்தம்பையில் இருந்து மகியங்கனை, அம்பாறை, பிறகு மட்டக்களப்பின் வவுணதீவு உபநிலையம். ஒரு வழியில் ஒரு கோபுரம் சரிந்தால் போதும். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், மட்டக்களப்பில் எத்தனை கம்பம் நிமிர்ந்து நின்றது என்று. ஐயா கேட்ட ஆஸ்பத்திரிக்கும் பாடசாலைக்கும் சொந்தக் கூரையில் பலகையும் அலமாரி அளவு பற்றரியும் இருக்கட்டும். மங்கின வெளிச்சத்திலும் கொஞ்சம் வரும், தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கும் நாலு லைட்டுக்கும் அது போதும். டீசல் ஜெனரேட்டரையும் நான் எறியச் சொல்லவில்லை.

கல்முனைக் காக்கா:
வவுணதீவில் ஏற்கனவே 10 மெகாவாட் சோலார் ஓடுகிறதே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உபநிலையம் பக்கத்தில், நீண்ட லைன் தேவையில்லை, முப்பது நாற்பது ஏக்கர்தான். அந்த அளவில் ஆறேழு இடம், ஒவ்வொன்றிலும் பற்றரி, கட்டுப்பாட்டு நிலையத்தின் கையில். இதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? 100 மெகாவாட்டுக்கும் என் 5 கிலோவாட்டுக்கும் நடுவில் எவ்வளவோ இடம் கிடக்கிறது. எங்கள் கரையோரத்தில் கூரையே கைக்குட்டை அளவு, உப்புக்காற்றில் ஆணி எல்லாம் துருப்பிடிக்கிறது, எல்லாத்தையும் எங்கள் கூரையில் ஏற்ற முடியாது.

கிரிட் தம்பி:
அது எனக்குச் சரி, விலை கொஞ்சம் ஏறினாலும். அண்ணனுக்குச் சரியா?

படுவான்கரை:
காணி யாருடையது, குத்தகை யாருக்குப் போகிறது என்று தெரியாமல் சரி என்று சொல்லமாட்டேன். தனியார் கம்பனிக்கு இருபது வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பட்டிக்காரனிடம் வேலிக்கு வெளியே மாட்டைக் கட்டு என்று சொன்னால் 10 மெகாவாட்டும் 100 மெகாவாட்டும் ஒன்றுதான்.

வட்டை வாசி:
பலகையை ஆள் உயரத்துக்குத் தூக்கி நட்டால் கீழே ஆடு மேயும், மாடும் மேயும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும். பிரதேச அபிவிருத்திக் குழுவில் இதைப் பண்ணையாளர் சங்கம் போய்க் கேட்டால் நான் கூட வருகிறேன், அத்தோடு எந்த டிரான்ஸ்போமரில் இன்னும் எவ்வளவு கிலோவாட் ஏற்றலாம் என்ற பட்டியலையும் ஊர்வாரியாகக் கேட்போம்.