புரோபயாட்டிக்: நன்னுயிரியா, உறையுயிரியா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சிங்கப்பூர், தோ பாயோவிலிருந்து, திங்கள் காலை

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

பெண்களுக்கான சுகாதாரக் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். ஆங்கிலம், சீனம், மலாய்ப் பதிப்புகள் முடிந்துவிட்டன; தமிழ் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போகவேண்டும். யோனியில் அடிக்கடி வரும் தொற்றுகளுக்குப் புரோபயாட்டிக், அதாவது நலத்துக்காக உடலுக்குக் கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிரிகள், உதவுமா என்பதுதான் பொருள். (யோனி வடசொல் என்று யாரும் தொடங்கவேண்டாம், ‘புணர்புழை’ என்று அச்சிட்டால் கையேட்டை ஒருவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லமாட்டார்கள்.) நான் ‘நன்னுயிரி’ என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று அதைத் தோழி ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது அவர் காதில் அது ‘நுண்ணுயிரி’ என்றே விழுந்தது. “நுண்ணுயிரிதானே தொற்றைக் கொண்டுவருகிறது, அதையே எதற்கு உள்ளே வைக்கச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். சமூக மன்றங்களில் உரக்க வாசித்து விளக்கப்படப்போகிற கையேடு இது. வேறு சொல் உண்டா?

ஈசூனிலிருந்து, திங்கள் மாலை

அம்மா, நன்னுயிரியில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்னும் விதிப்படி நன் + உயிரி நன்னுயிரியாவது முறையே. காதில் விழுவதில் குழப்பம் என்றால் அது தொலைபேசியின் குற்றம்.

ஆயினும் இதைவிட ஆழமான சொல் ஒன்று நம் அடுக்களையிலேயே இருக்கிறது. பாலைத் தயிராக்க நாம் ஊற்றுவது உறைமோர். பெரும்பாணாற்றுப்படை ஆய்மகளைப் பாடும்போது ‘உறையமை தீந்தயிர் கலக்கி’ என்கிறது. உயிருள்ள சிறிதளவு ஒன்றைப் பெரிய கலத்தில் இட்டு, கலம் முழுவதையும் அதன் இயல்புக்குக் கொண்டுவருவது என்னும் கருத்தைத் தமிழன் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைக் காணும் முன்பே பெயரிட்டுவிட்டான். ஆகவே ‘உறையுயிரி’ என்று பரிந்துரைக்கிறேன். உறைதல் என்பதற்குத் தங்குதல் என்ற பொருளும் உண்டு. உடலில் தங்கி நன்மை செய்வது என்னும் பொருளும் தானாகவே வந்துவிடுகிறது.

ஜூரோங்கிலிருந்து, செவ்வாய்

நுண்ணுயிரியல் படித்தவன் என்ற முறையில் சில தடைகளைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஐயா அவர்களின் சொல் அழகானது. தயிரைப் பற்றிய கையேடாக இருந்தால் நானே முதலில் கைதூக்கியிருப்பேன். ஆனால் இந்தக் கையேட்டின் அடுத்த பக்கத்திலேயே ஆணுறை பற்றிய அறிவுரை வரக்கூடும். அதற்குப் பக்கத்தில் ‘உறையுயிரி’ என்று எழுதினால் வாசகர் எதை நினைப்பார் என்பதை ஐயாவே எண்ணிப் பார்க்கவேண்டும். வேடிக்கை என்னவென்றால், வஜைனா என்னும் இலத்தீன் சொல்லுக்கே வாளுறை என்றுதான் பொருள். இரண்டு மொழிகளின் உறைகளும் ஒரே வாக்கியத்தில் வந்து மோதும்.

இரண்டாவது, இதில் பால் எங்கும் இல்லை. 1892இல் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் யோனிச் சுரப்பில் கண்டு விவரித்த குச்சி வடிவ நுண்ணுயிரிகளைத்தான் இன்று லாக்டோபேசில்லஸ் என்கிறோம். பெயரில் ‘லாக்டோ’ என்று பால் இருந்தாலும், அங்கே அவற்றின் உணவு உட்சுவர் உயிரணுக்களில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பிலிருந்து கிடைப்பது. அதை லாக்டிக் அமிலமாக மாற்றி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை வைத்திருப்பதால்தான் பிற கிருமிகள் பெருகுவதில்லை. உறைமோர் என்றதும் தயிரை எடுத்துத் தடவலாமா என்று ஒருவர் கேட்டுவிட்டால் பொறுப்பு யாருடையது?

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். உடலில் இயல்பாகவே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் நல்ல உயிரிதான், ஆனால் அது புரோபயாட்டிக் அன்று. 2001இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு கொடுத்த வரையறை, போதிய அளவில் கொடுக்கப்படும்போது உடல்நலத்துக்குப் பயன்தரும் உயிருள்ள நுண்ணுயிரிகள் என்பது. வெளியிலிருந்து கொடுக்கப்படுதல், உயிரோடு இருத்தல், அளவு, பயன் ஆகிய நான்கும் அதில் அடங்கும். நன்னுயிரி, உறையுயிரி இரண்டுமே ‘கொடுக்கப்படுதல்’ என்பதை விட்டுவிடுகின்றன.

உட்லண்ட்ஸிலிருந்து, செவ்வாய் இரவு

‘சார்புயிரி’ எனலாமே? புரோ என்றால் சார்பாக.

ஜூரோங்கிலிருந்து, செவ்வாய் இரவு

அது பிறவற்றைச் சார்ந்து வாழும் உயிரியைக் குறித்துவிடும். ஆங்கிலச் சொல்லின் வேரும் நமக்கு வழிகாட்டாது. 1965இல் அதை ஆய்வுக்கட்டுரையில் பயன்படுத்தியவர்கள், ஒரு நுண்ணுயிரி சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளையே அப்படி அழைத்தார்கள்.

ஈசூனிலிருந்து, புதன்

அப்படியானால் ‘நற்கிருமி’ என்று சொல்லிவிடலாமே என்று சிலர் தனிமடலில் கேட்கிறார்கள். கிருமி என்பது வடமொழியில் புழு. அதே சொல்லின் பாரசீக உறவு அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், செந்நிறச் சாயம் தரும் பூச்சியின் பெயராகி, ஆங்கிலத்தில் கிரிம்சன் என்னும் நிறமாக நிற்கிறது. இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

செங்காங்கிலிருந்து, புதன்

தாதியாக வேலை செய்கிறேன். இலக்கணம் அதிகம் அறியேன். இருந்தாலும் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

கொவிட் ஆண்டுகளில் ‘கிருமித்தொற்று’ என்று நாள்தோறும் செய்தியில் கேட்ட நம் மக்களிடம் நற்கிருமி என்று சொன்னால் சிரிப்பார்கள், அல்லது பயப்படுவார்கள். பெண்கள் எங்களிடம் வந்து ‘வெள்ளைப்படுகிறது’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் இயல்பான கசிவும் இருக்கிறது, கேண்டிடா என்னும் பூஞ்சையால் வரும் அரிப்பும் இருக்கிறது, மீன்வாடை வீசும் பாக்டீரியச் சமன்குலைவும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை ஆங்கிலத்தில் வஜைனோசிஸ் என்றுதான் பெயரிட்டார்கள், வஜைனைட்டிஸ் என்று அல்ல. ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி, அங்கே அழற்சி பெரிதாக இருப்பதில்லை. லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் மிகுந்து, பிஎச் 4.5ஐத் தாண்டிவிடுகிறது. அதைத் ‘தொற்று’ என்றும் ‘அழற்சி’ என்றும் மாற்றி மாற்றி எழுதியிருந்தால் அம்மா அதை முதலில் திருத்தவேண்டும், ஏனென்றால் பூஞ்சைக்குக் கொடுக்கும் குளோட்ரிமசோல் இதற்கு வேலை செய்யாது, இதற்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் பூஞ்சைக்கு வேலை செய்யாது.

அடுத்து, ‘நன்’ என்னும் முன்னொட்டே எனக்கு உறுத்துகிறது. மெட்ரோனிடசோல் களிம்பு முடித்த 228 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் வைக்கப்பட்டவர்களுள் 12 வாரங்களுக்குள் இச்சமன்குலைவு மீண்டும் வந்தது 30 விழுக்காட்டினருக்கு. வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 45 விழுக்காடு. நம்பிக்கை தருகிறது, உண்மை. ஆனால் அது கடையில் வாங்கும் குளிகையும் அன்று, குடிக்கும் பால்புட்டியும் அன்று. 2021இல் வந்த அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டி, கிடைக்கிற எந்த லாக்டோபேசில்லஸ் தயாரிப்பையும் இச்சமன்குலைவுக்கு மருந்தோடு சேர்த்தோ மருந்துக்குப் பதிலாகவோ பரிந்துரைக்க ஆதாரமில்லை என்றே சொல்கிறது. அந்த நிலையில் பெயரிலேயே நன்மை என்று முத்திரை குத்திவிட்டால், மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் விட்டு இதை வாங்கும் பெண் நம் சொல்லை நம்பித்தான் வாங்குவாள்.

உட்லண்ட்ஸிலிருந்து, புதன்

அப்படியென்றால் ‘புரோபயாட்டிக்’ என்றே எழுதிவிடலாம். வடசொற்கே வடவெழுத்தை நீக்கி நம் எழுத்தில் எழுதிக்கொள்ளத் தொல்காப்பியர் வழி சொல்லியிருக்கிறார்; கிரேக்கம் மட்டும் என்ன பாவம் செய்தது? புட்டியிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது.

ஈசூனிலிருந்து, வியாழன்

எச்சவியலில் தொல்காப்பியர் சொன்னது வடசொல்லைப் பற்றி. அதை வருகிற சொற்களுக்கெல்லாம் திறந்த கதவாக்குவது முறையன்று. இன்று புரோபயாட்டிக், நாளை ப்ரீபயாட்டிக், மறுநாள் போஸ்ட்பயாட்டிக். முதல் இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாடுதான், தமிழில் எழுதினால் அதுவும் கண்ணுக்குத் தப்பும். தொலைபேசியில் காது ஏமாந்ததற்காகத் தமிழ்ச்சொல்லைக் கைவிட்டவர்கள் இதற்கு என்ன செய்வார்கள்?

தோ பாயோவிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. ஐந்து பேர் ‘புரோபயாட்டிக்’ என்கிறீர்கள், இருவர் ‘நன்னுயிரி’, ஐயா ஒருவர் ‘உறையுயிரி’. முதலில் வரும் இடத்தில் ‘புரோபயாட்டிக் (வெளியிலிருந்து கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிரிகள்)’ என்று விளக்கத்தோடும், அதன்பின் வெறும் ‘புரோபயாட்டிக்’ என்றும் எழுதியிருக்கிறேன். உடலில் குடியிருப்பவற்றை மட்டும் ‘நன்மை செய்யும் நுண்ணுயிரிகள்’ என்று விரித்தே சொல்லிவிட்டேன். தாதி அம்மா சொன்னபடி, சமன்குலைவு வரும் இடங்களில் இருந்த ஆறு ‘தொற்று’களை நீக்கிவிட்டேன், சொல்லைத் தேடிப் போன இடத்தில் உருப்படியாகக் கிடைத்தது அதுதான்.

ஈசூனிலிருந்து, வியாழன் நள்ளிரவு

என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். கையேட்டில் ப்ரீபயாட்டிக் வருகிறதா? அது உயிரியே அன்று, அவ்வுயிரிகளுக்கான தீனி. ‘உறையூட்டம்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன்.

தோ பாயோவிலிருந்து, வெள்ளி காலை

ஒரே ஓர் இடத்தில் வந்தது, ஐயா. அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.