வாளி சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில போயிர்றான், குஸ்காவ எப்படி குளிப்பாட்டுறது?

வில்லாபுரத்தான்:
வணக்கம்ங்க. நம்ம வீட்டுல ஒரு நாட்டு நாய் இருக்கான், பேரு குஸ்கா, ரெண்டரை வயசு, 18 கிலோ. குட்டியா தெருவுல கெடந்தவன தங்கச்சி தூக்கிட்டு வந்துச்சு. மத்த எல்லாத்துலயும் தங்கமான பய, ஆனா ஞாயித்துக்கிழமை மொட்டமாடில வாளிய நகத்துற சத்தம் கேட்டா போதும், கட்டிலுக்கடியில போயி செவத்தோட ஒட்டிக்கிறான். இழுத்து வெளிய எடுக்கவே அரைமணி நேரம், அப்பறம் மாடிக்கு தூக்கிட்டுப் போயி நான் புடிச்சுக்க தம்பி கப்பால மொண்டு தலையில ஊத்த, அவன் வழுக்கி விழுந்து எந்திரிச்சு ஓட, கடைசில நாங்க ரெண்டு பேருந்தேன் குளிச்சிருப்போம். போன வாரம் தம்பி கைய கவ்விட்டான், லேசா கீறல். கூத்து என்னன்னா மழை பேஞ்சா தெருவுல தேங்குன தண்ணில எறங்கி அம்புட்டு ஆட்டம் போடுவான். சோப்பு நாங்க போடுற சோப்புதேன். ரெண்டு நாள்ல திரும்ப நாத்தம், சொறிஞ்சுக்கிட்டே வேற இருக்கான். கடைல விட்டு குளிப்பாட்டலாம்னா கேக்குற காசுக்கு வீட்டுக்கே கறி எடுத்துரலாம். வழி சொல்லுங்க.

கோச்சடை அக்கா:
தம்பி மொதல்ல கீறல பாருங்க. பல்லு பட்டு தோலு கிழிஞ்சிருந்தா சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிசம் கழுவணும், இப்பவும் ஒண்ணும் லேட் இல்ல, பெரியாஸ்பத்திரில காட்டி ஊசி போட்டுருங்க. வீட்டு நாய்தானேன்னு விடாதீங்க. குஸ்காவுக்கு வெறிநாய் ஊசி வருசா வருசம் போடுறீங்களா?

இப்ப விசயத்துக்கு வர்றேன். மழைத்தண்ணில ஆடுறான்னு நீங்களே எழுதிருக்கீங்க, அப்ப அவனுக்கு தண்ணி பயமே இல்ல. கால் வழுக்குறதும் தலையில மொண்டு ஊத்துறதும்தான் பயம். நாய்க்கு நகத்தால புடிச்சு நிக்க ஒரு புடிமானம் வேணும், ஓடு பதிச்ச மாடில அது கெடையாது. பழைய சாக்கு ஒண்ண நனைச்சு விரிச்சுப் போடுங்க, பாதி சண்டை அதுலயே முடிஞ்சிரும். தண்ணிய கால்ல ஆரம்பிச்சு, முதுகு, கழுத்து வரைக்கும் மட்டும் ஊத்துங்க. நாய் ஒதறுறது தலையிலருந்துதான் ஆரம்பிக்கும். மூஞ்சிய கடைசில ஈரத்துணில தொடச்சா போதும். காதுக்குள்ள தண்ணி போகக்கூடாது, போனா சீழ் வைக்கலாம்.

நம்ம சோப்பு வேணாம். மனுசத் தோலு கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, நாயோடது அப்படி இல்ல, நம்ம சோப்பு அதுக்கு சேராது, காஞ்சு போயி அரிக்கும். வாராவாரமும் எதுக்கு? குட்டை முடி நாட்டு நாய்க்கு மாசம் ஒரு தடவ நாய் ஷாம்பு போட்டா தாராளம், நடுவுல ஈரத்துண்டுல தொடைங்க. அதுக்கும் அரிப்பு நிக்கலன்னா உண்ணியா பூஞ்சையான்னு டாக்டர்ட்ட காட்டணும். ஆமா, எத்தன மணிக்கு குளிப்பாட்டுறீங்க?

ராக்கெட்_ராஜா:
ஒரு வாளி தண்ணிக்கு 2 மூடி பினாயில் ஊத்தி குளிப்பாட்டுங்க ப்ரோ, உண்ணியும் போகும் நாத்தமும் போகும். எங்க தெருவுல எல்லாரும் அதான்.

கோச்சடை அக்கா:
ஐயோ தம்பி, தயவுசெஞ்சு வேணாம். தோலு வழியாவும் உள்ள போகும், நக்குனா வயித்துக்கும் போகும், தரை கழுவுறது தரைக்கு மட்டும். உண்ணிக்கு முதுகுல சொட்டு விடுற மருந்து இருக்கு, டாக்டர்ட்ட கேட்டு வாங்குங்க. அது போடுறதுக்கு 2 நாள் முன்னாடியும் போட்டு 2 நாளைக்கும் குளிப்பாட்டாம இருக்கணும்.

உசிலம்பட்டி மாமா:
நாங்க வளக்குறது சிப்பிப்பாறை. அந்தக் காலத்துல குளிப்பாட்டுறதுன்னு தனியா ஒண்ணு இருந்ததில்ல மாப்ள, கண்மாய்க்கு மாட்ட பத்திட்டுப் போனா பின்னாடியே வந்து அதுவா எறங்கும், அதுவா ஏறும். யாரும் புடிக்கல, அதுனால பயமும் இல்ல. இப்ப கண்மாய்த்தண்ணி பச்சையா பாசி கட்டிக் கெடக்கு, எலிக்காச்சலும் வரும்ங்கிறாய்ங்க, நானே விடுறதில்ல. ஆனா ஒண்ணு, நாய கட்டிலுக்கடியிலருந்து காலப் புடிச்சு இழுக்கவே கூடாது, கைய நீட்டுனா கவ்வத்தேன் செய்யும். வாளிய மொத நாள் ராத்திரியே ரொப்பி வச்சுருங்க, சத்தம் இருக்காது. வந்தா சோறு, வரலன்னா விட்ருங்க.

வில்லாபுரத்தான்:
ஊசி போட்டாச்சுக்கா, குஸ்காவுக்கும் போட்டாச்சு. நேரம் கேட்டீங்கள்ல, மதியம் 12 மணி. டேங்க் தண்ணில இன்னைக்கு அந்நேரம் கைய வச்சுப் பாத்தேன், வெந்நி மாதிரி இருக்கு. வெறுங்கால்ல மாடில நின்னேன், அஞ்சு எண்றதுக்குள்ள குதிச்சுட்டேன். இத்தன நாளா பாவம் அவனப் போயி...

கோச்சடை அக்கா:
இனிமே காலைல 8 மணிக்கு நிழல்ல வச்சுக்கோங்க. மொத ரெண்டு தடவ தண்ணியே ஊத்தாதீங்க. செவுத்துல அவன் மூஞ்சி ஒசரத்துக்கு ஒரு கரண்டி கெட்டித்தயிர தடவி விடுங்க, நக்கி முடிச்சதும் அனுப்பிருங்க.

வில்லாபுரத்தான்:
3 வாரம் கழிச்சு வர்றேன். மொத வாரம் மாடிக்கு அவனா வந்தான், தயிர நக்குனான், போயிட்டான். ரெண்டாவது வாரம் சாக்குல நின்னான், கால நனைச்சேன், பேசாம இருந்தான். நேத்து முதுகு வரைக்கும் வந்துட்டோம், அப்பறம் தம்பி அந்த செவப்பு கப்ப எடுத்தான், அவ்வளவுதேன், ஷாம்பு நொரையோட படி எறங்கி நேரா கட்டிலுக்கடியில. நொரைய கழுவணுமேன்னு கீழயே ஈரத்துண்டால நாலஞ்சு தடவ தொடச்சு எடுத்தோம். கப்பு இல்லாம எதால ஊத்துறது?

உசிலம்பட்டி மாமா:
கொழம்பு கிண்ணம்.

வில்லாபுரத்தான்:
எடுத்துட்டேன் மாமா, நல்லா வேலை செய்யுது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.