கார்டிஃப்பில் குந்தரும் ஷேமஸும்: நேரில் பார்த்த சாம்பியன்ஷிப் மோதல்களை எழுதுங்கள்

2022 செப்டம்பர் 3, கார்டிஃப் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியத்தில் நடந்த 'கிளாஷ் அட் தி காசில்' என்ற டபிள்யூடபிள்யூஇ ரெஸ்லிங் நிகழ்ச்சியை நேரில் பார்த்தேன். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. படித்துவிட்டு நீங்களும் நேரில் பார்த்ததை எழுதுங்கள். டிவியில் பார்த்தது என்றாலும் பரவாயில்லை.

பிரிஸ்டலிலிருந்து கார்டிஃப் ரயிலில் பக்கம்தான். ரயில் முழுக்க டபிள்யூடபிள்யூஇ டீசர்ட். தோளில் சாம்பியன் பெல்ட் போட்ட அப்பாக்கள், மடியில் பெல்ட் வைத்திருந்த பிள்ளைகள். ஸ்டேடியம் ஊரின் நடுவில் இருக்கிறது, ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கார்டிஃப் கோட்டையும் நடக்கிற தூரம்தான். நிகழ்ச்சிக்குப் பெயரே அந்தக் கோட்டையால் வந்தது. அன்று வந்த கூட்டம் 62,296 என்று அறிவித்தார்கள். 1992 சம்மர்ஸ்லாமுக்குப் பிறகு பிரிட்டனில் ஒரு ஸ்டேடியத்தில் இவ்வளவு பெரிய டபிள்யூடபிள்யூஇ நிகழ்ச்சி நடந்தது அன்றுதான். முப்பது வருஷப் பசி அந்தக் கூட்டத்தில் தெரிந்தது. பெண் வீரர் பேய்லி ரிங்கில் நின்ற நேரமெல்லாம் அவர் பெயரை வைத்துப் பாடிக்கொண்டே இருந்தார்கள், நிறுத்தவே இல்லை.

கடைசி மேட்ச் சாம்பியன் ரோமன் ரெயின்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்காரர் ட்ரூ மெக்கின்டயருக்கும். பெரும்பாலானவர்கள் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். ஆனால் எனக்கு அந்த ராத்திரி என்றால், உலக சாம்பியன்ஷிப்புக்கு அடுத்த படியில் இருக்கிற இன்டர்காண்டினென்டல் பெல்ட்டுக்காக நடந்த குந்தர், ஷேமஸ் மேட்ச்தான்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குந்தர் ஆஸ்திரியாக்காரர். வால்டர் என்ற பெயரில், டபிள்யூடபிள்யூஇயின் பிரிட்டன் பிரிவான என்எக்ஸ்டி யூகேயின் பெல்ட்டை 870 நாள் வைத்திருந்தவர். 2022 ஜூன் 10 வாராந்திர டிவி நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் ரிக்கோஷேவை வீழ்த்தி இன்டர்காண்டினென்டல் சாம்பியன் ஆனார். ஷேமஸ் டப்ளின்காரர். டபிள்யூடபிள்யூஇ சாம்பியன், உலக ஹெவிவெயிட் சாம்பியன், யுஎஸ் சாம்பியன், டேக் டீம் சாம்பியன், ராயல் ரம்பிள், கிங் ஆஃப் தி ரிங், மனி இன் தி பேங்க் எல்லாவற்றையும் ஜெயித்தாயிற்று. இந்த ஒரு பெல்ட் மட்டும் அதுவரை கைக்கு வரவில்லை. மோதலுக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. காதலி, துரோகம், கார் உடைப்பு என்று எதுவும் கிடையாது. ஒருவரிடம் இருக்கிறது, இன்னொருவருக்கு வேண்டும், அவ்வளவுதான்.

மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஸ்டேடியம் எழுந்துவிட்டது. குந்தர் பக்கம் லுட்விக் கைசரும், அன்று திரும்பி வந்த ஜியோவன்னி வின்சியும். ஷேமஸ் பக்கம் ரிட்ஜ் ஹாலண்டும் புட்ச்சும். இந்த நாலு பேரும் ரிங்குக்கு உள்ளேயும் வெளியேயும் புரண்டு அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் குந்தரும் ஷேமஸும் மட்டும் அசையாமல் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர்கூடப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அடிகூட விழாமல் அறுபதாயிரம் பேரைக் கத்தவைத்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

பிறகு சாப், அதாவது விரித்த கையால் நெஞ்சில் ஓங்கி அடிப்பது. குந்தரின் சாப் எப்படி விழும் என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். நேரில் அந்தச் சத்தம் வேறு. எங்கள் இருக்கை உயரத்தில், ரிங் தூரத்தில் சின்னதாகத் தெரிகிறது, திரையைப் பார்த்தால்தான் முகம் புரியும். அவ்வளவு தூரத்துக்கும் கை நெஞ்சில் விழுகிற ஓசை தெளிவாக வந்தது. ஷேமஸின் உடம்பு வெள்ளை வெளேர் என்று இருக்கும். சில நிமிஷத்தில் நெஞ்சு முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. அவர் பதிலுக்குக் கயிற்றோடு பிடித்துவைத்து நெஞ்சில் அடிக்க, கூட்டம் ஒவ்வொரு அடியையும் எண்ணியது. 'ரெஸ்லிங் எல்லாம் முன்னாலேயே எழுதிவைத்த நாடகம்தானே' என்று வீட்டில் எப்போதும் கேட்பார்கள். முடிவு எழுதிவைத்ததுதான், எனக்கும் தெரியும். அந்த நெஞ்சின் சிவப்பை யாரும் எழுதிவைக்க முடியாது.

கடைசியில் தூக்கித் தரையில் அறைகிற பவர்பாம்ப், அதன் மேல் கையை வீசி அடிக்கிற லாரியட், தோளைத் தரையில் அழுத்திப் பிடிக்க நடுவரின் மூன்று எண்ணிக்கை. குந்தர் பெல்ட்டோடு போய்விட்டார். ஷேமஸ் தனியாக எழுந்து நின்றார். மொத்த ஸ்டேடியமும் நின்று கைதட்டியது. நடுத்தர பெல்ட் என்று ஒதுக்கிவைத்திருந்த ஒன்றை அன்று ராத்திரி இரண்டு பேர் முதல் பெல்ட்டாக மாற்றிவிட்டார்கள். குந்தர் அதை 2024 ஏப்ரல் 6 வரை, 666 நாள் வைத்திருந்தார். வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் 40ஆவது பதிப்பில்தான் சாமி ஜெயினிடம் இழந்தார்.

ட்ரூ மேட்ச் பற்றிச் சுருக்கமாக. 2020இல் ட்ரூ ப்ராக் லெஸ்னரை வீழ்த்தி டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் ஆனபோது கொரோனா காலம், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத கூடத்தில் பெல்ட்டைத் தூக்கினார். கார்டிஃப்பில் ஜெயித்திருந்தால் அந்தக் கடன் தீர்ந்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் சாம்பியனோடு மோதலாம் என்ற உரிமை தரும் மனி இன் தி பேங்க் பெட்டியோடு ஆஸ்டின் தியரி ஓடி வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குத்துச்சண்டை வீரர் டைசன் ஃப்யூரி ஒரே குத்தில் அவரைப் படுக்கவைத்தார். ட்ரூ கிளேமோர் உதை போட்டு, ரோமனின் தோளைத் தரையில் அழுத்தி பின் பண்ணினார். மூன்றாவது எண்ணிக்கைக்குள் தலையை மூடிய ஒருவர் நடுவரை வெளியே இழுத்துவிட்டார். சோலோ சிகோவா, ரோமனின் உறவுக்காரர். அடுத்து ரோமன் பாய்ந்து தோளால் மோதுகிற ஸ்பியர், முடிந்தது. ரோமனின் ஆட்சி கடைசியில் 1,316 நாள் ஓடியது. அந்தக் கணக்கு இல்லாமல் கோடி ரோட்ஸ் அவரை ஜெயித்தது அவ்வளவு பெரிதாகியிருக்காது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அன்று ட்ரூ ஜெயித்திருக்க வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

*

1992 சம்மர்ஸ்லாமைச் சொன்னியள், அதை வெம்பிளியிலை நேரில பார்த்தவன் நான். எழுதாமல் விட ஏலாது.

அப்ப நான் பள்ளிக்கூடப் பொடியன். யாழ்ப்பாணத்திலையிருந்து லண்டனுக்கு வந்து கனகாலம் ஆகேல்லை. இங்கிலீஷ் பேசக் கூச்சம், ஆனால் வகுப்பிலை ரெஸ்லிங் கதைச்சால் எல்லாரும் கூட்டாளி. சித்தப்பாதான் கூட்டிக்கொண்டு போனவர். ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. பழைய வெம்பிளி, இரட்டைக் கோபுரம் இருந்த காலம். 80,355 பேர் எண்டு அறிவிச்சவை. வெளிச்சம் இருக்கேக்கை தொடங்கினது, கடைசி மேட்ச் வரேக்கை இருட்டிப் போச்சு.

அண்டர்டேக்கர் பிரேத வண்டியிலை வந்தார். சித்தப்பாவுக்கு அது துப்பரவாய்ப் பிடிக்கேல்லை, 'இதென்ன அபசகுனம்' எண்டார். அதுக்கு முதல் அல்டிமேட் வாரியரும் மாச்சோ மேனும் உலக சாம்பியன்ஷிப்புக்கு மோதினவை. ரிக் ஃப்ளேரும் மிஸ்டர் பெர்ஃபெக்டும் வந்து குழப்பி, மாச்சோ மேன் ரிங்குக்கு வெளியிலை நிண்டு எண்ணி முடியிறதுக்குள்ளை உள்ளை வராமல் கவுண்ட் அவுட்டிலை தோத்தார். கவுண்ட் அவுட்டிலை பெல்ட் கை மாறாது, அதாலை தோத்தும் அவர்தான் சாம்பியன். சித்தப்பா அந்தச் சட்டத்தை வீடு போய்ச் சேருமட்டும் கேட்டுக்கொண்டே வந்தவர்.

உங்கடை இன்டர்காண்டினென்டல் கதைக்கு வாறன். உலக சாம்பியன்ஷிப் இருக்கேக்கை, அண்டைக்குக் கடைசி மேட்சாய் வைச்சது இன்டர்காண்டினென்டல் பெல்ட்டைத்தான். சாம்பியன் ப்ரெட் ஹார்ட். எதிராளி லங்காஷயர்க்காரன் டேவி பாய் ஸ்மித், பிரிட்டிஷ் புல்டாக். புல்டாக்கின்ரை மனிசி டயானா, ப்ரெட்டின்ரை சொந்தத் தங்கச்சி. அவ ரிங் பக்கத்திலை இருந்து அழுதுகொண்டு பார்த்தவ. மச்சானும் மச்சானும் பெல்ட்டுக்கு அடிபடுற கதையை எங்கடை ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதுக்குப் பிறகு சித்தப்பா ஒரு கேள்வியும் கேக்கேல்லை, கதிரையின்ரை நுனியிலை இருந்து பார்த்தார்.

குத்துச்சண்டைக்காரர் லெனக்ஸ் லூயிஸ் கொடியோட புல்டாக்கை ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மேட்ச் இருபத்தைஞ்சு நிமிசத்துக்குக் கிட்ட. தொடக்கத்திலையே புல்டாக்குக்குப் பேசி வைச்சதெல்லாம் மறந்து போச்சு, ரிங்குக்குள்ளையே ஒவ்வொண்டாய்ச் சொல்லிச் சொல்லிக் கொண்டு போனன் எண்டு ப்ரெட் பிறகு எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறார். அங்கை இருந்த எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை. கடைசியிலை ப்ரெட் சன்செட் ஃப்ளிப் எண்ட பிடிக்குப் போக, புல்டாக் அப்பிடியே குந்திக் காலை அமத்திப் பிடிச்சிட்டார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. பக்கத்திலை நிண்ட முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சவர். லண்டன் என்ரை ஊர் எண்டு முதல் முதல் நினைச்சது அந்த நிமிசத்திலைதான்.

புல்டாக்கிட்டை பெல்ட் கனநாள் இருக்கேல்லை, ஷான் மைக்கேல்ஸிட்டைப் போட்டுது. தோத்த ப்ரெட் அக்டோபர் 12 ஃப்ளேரை வெண்டு உலக சாம்பியன் ஆயிட்டார். ட்ரூ பற்றி நீங்கள் சொன்னது சரி. சொந்த ஊர்க்காரனை ஒருக்கா வெல்ல விடவேணும். நான் வெம்பிளியிலை அதைப் பார்த்தவன், அதின்ரை அருமை எனக்குத் தெரியும்.

*

நான் திருச்சி. கார்டிஃப் நிகழ்ச்சியை டிவியில்தான் பார்த்தேன். எங்களுக்கு அன்று ஒரு பெரிய வசதி. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி நடந்தால் நமக்குத் திங்கள் விடிகாலை, ஐந்தரைக்கெல்லாம் எழுந்து சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்க வேண்டும். பாதியில் ஸ்கூல் பஸ் வந்துவிடும். கார்டிஃப்பில் மாலை ஆறு என்றால் நமக்குச் சனி இரவு பத்தரை. தம்பியும் நானும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம்.

முதலில் எழுதியவர் ரே மிஸ்டீரியோவின் மகன் டொமினிக் விஷயத்தை விட்டுவிட்டார். ரே மிஸ்டீரியோவும் எட்ஜும் ஃபின் பாலர், டேமியன் ப்ரீஸ்ட் ஜோடியை ஜெயித்த பிறகு, டொமினிக் முதலில் எட்ஜை உதைத்தான், அப்புறம் பெற்ற அப்பனையே அடித்துப் போட்டான். 2005 சம்மர்ஸ்லாம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! அன்று ரேவும் எட்டி கெரேரோவும் மோதிய ஏணி மேட்ச்சில் மேலே தொங்கியது பெல்ட் இல்லை, 'இந்தப் பையன் யாருக்கு' என்ற பத்திரம். எட்டு வயசு டொமினிக் ரிங் பக்கத்தில் பாவமாக நின்றான். ரே குள்ளம், ரெஸ்லர்களின் ட்ரம்ப் கார்டு விளையாட்டில் அவர் உயரத்தைச் சொன்னால் தோற்றுவிடுவோம் என்று தெரிந்தும் அவர் கார்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் நாங்கள். அந்தப் பிள்ளை பதினேழு வருஷம் கழித்து அப்பாவை அடித்ததும் தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

அதே டொமினிக் 2025 ரெஸில்மேனியாவில் அதே இன்டர்காண்டினென்டல் பெல்ட்டை ஜெயித்தான். அந்தத் துரோகம் இல்லாமல் அந்தப் பெல்ட் வந்திருக்காது.

*

ட்ரூவை ஒரு தடவை சொந்த மண்ணில் ஜெயிக்கவிடலாம் என்று சொல்கிறவர்களுக்கு: 2024 ஜூன் 15 கிளாஸ்கோவில் நடந்த 'கிளாஷ் அட் தி காசில்' நிகழ்ச்சியில் நான் இருந்தேன். ஸ்காட்லாந்துக்காரருக்கு அதைவிட சொந்த மண் கிடையாது. ரெஸில்மேனியா 40இல் சேத் ராலின்ஸை ஜெயித்து உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ட்ரூவிடமிருந்து ஆறு நிமிஷம் ஆவதற்குள் பெல்ட்டைப் பறித்தவர் டேமியன் ப்ரீஸ்ட். கிளாஸ்கோவில் அவரோடுதான் மேட்ச். நடுவர் விழுந்து கிடக்க, ட்ரூ பின் பண்ண, நடுவர் சட்டையோடு ட்ரூவின் எதிரியான ரெஸ்லர் சிஎம் பங்க் ஓடி வந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணி, மூன்றில் கையை நிறுத்திவிட்டார். அரங்கத்தில் எழுந்த சத்தம் முழுக்கக் கோபம். ஆனால் அந்த வருஷத்தின் ஆகச் சிறந்த பகை ட்ரூ, பங்க் பகைதான், அதற்கு உரம் அந்த நிமிஷம். ட்ரூ தோற்றால்தான் நம் மனசு அவர் பின்னால் போகிறது என்று எனக்குப் படுகிறது. ஜெயித்து உட்கார்ந்துவிட்ட ட்ரூவை நாம் இவ்வளவு பேசுவோமா?

*

பேசுவோம். அவரை நேரில் பார்த்துவிட்டால் ஜெயித்தாலும் பேசுவோம்.

2023 செப்டம்பர் 8, ஹைதராபாத் கச்சிபௌலியில் டபிள்யூடபிள்யூஇ நிகழ்ச்சி. சென்னையிலிருந்து நண்பர்களோடு ராத்திரி பஸ்ஸில் போனோம். அரங்கத்தில் எங்களைச் சுற்றி நாலைந்து இடத்திலாவது தமிழ் கேட்டது. ஜான் சீனா வந்தபோது பக்கத்தில் இருந்தவர் கத்துவது தெலுங்கா தமிழா என்றே தெரியவில்லை. சீனாவும் ராலின்ஸும் சேர்ந்து கைசர், வின்சியோடு மோதினார்கள். ட்ரூ ஜிந்தர் மஹாலை ஜெயித்தார். ஒரு காலத்தில் இருவரும் ஒரே குழுவில் இருந்து தோற்றுக்கொண்டே இருந்தவர்கள், பிறகு இருவருமே டபிள்யூடபிள்யூஇ சாம்பியன் ஆனவர்கள். ஒரே ரிங்கில் அந்த இருவரையும் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

நான் எழுத வந்தது குந்தருக்காக. அன்று அவர் இந்தியாக்காரரான ஷாங்கியோடு மோதினார், நம்மூர்க் கூட்டம் முழுக்க ஷாங்கி பக்கம். இன்டர்காண்டினென்டல் பெல்ட்டை அதிக நாள் வைத்திருந்தவர் என்ற பெருமை ஹாங்கி டாங்க் மேனிடம் 1988இலிருந்து இருந்தது, 454 நாள். 2022 ஜூன் 10இலிருந்து எண்ணிப் பாருங்கள், 455ஆவது நாள் ஹைதராபாத் நாள். முப்பத்தைந்து வருஷம் யாரும் தாண்டாததை அவர் தாண்டியது நம் மண்ணில் இருந்த அன்று. போகும்போது பஸ்ஸிலேயே நான் இதை எண்ணிச் சொன்னேன், அதனால் அவர் பெல்ட்டோடு நடந்து வந்தபோது எங்கள் வரிசை மட்டும் எழுந்து நின்றது. ஷாங்கி பக்கம் இருந்தவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். சாப் சத்தம் பற்றி முதலில் எழுதியவர் சொன்னது அப்படியே உண்மை, எங்களுக்கும் கேட்டது. யாரிடமாவது அந்த மேட்ச்சின் நல்ல புகைப்படம் இருந்தால் போடுங்கள், எங்கள் பக்கத்திலிருந்து எடுத்ததில் எல்லாம் முன்வரிசைக்காரர்களின் கைதான் தெரிகிறது.